கடைசிப் பைப்பின் வாய்

கச்சான் அடிக்கத் தொடங்கிச் சில நாளாகிவிட்டது. கடல் கடந்து வந்து குடியேறிய கிரவீனில் அந்தக் காற்றுக்கு அப்படியொரு பெயர் கிடையாது. மேற்கிலிருந்து சூட்டுக் காற்று வரும், நெருப்பு மூட்டாதீர்கள் என்று வானொலியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் யோசப்பின் என்பவள் பேசாலை மீன்பிடிக் கரையில் பிறந்தவள். மேற்கிலிருந்து எது அடித்தாலும் அவளுக்கு அது கச்சான்தான். கச்சான் நேரத்தில் கடலுக்குப் போகிறவன் வீட்டில் அடுப்புக்கூட மனம் வைத்து எரியாது என்பது அவளுடைய கணக்கு. இங்கே கடலுக்குப் போக யார் இருக்கிறார்கள்? புருஷன் பேர்னாட் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஒரே மகள் அனோஜினி மெரிலேண்ட்ஸில் கார்களுக்குப் பைப் செய்கிற பட்டறையில் வெல்டர். அப்படியிருந்தும் யோசப்பினுக்கு நெஞ்சு சரியில்லை. நீலமலைப் பக்கம் எங்கோ காடு எரிந்து, கொடியில் காயப்போட்ட உடுப்பெல்லாம் புகை மணத்தது.

நெஞ்சு சரியில்லாததற்குக் காரணம் கராஜுக்குள் நின்றது. பழைய ஜப்பான் கார். அனோஜினி வாங்கியபோது அது ஓடி வரவில்லை, லொறியில் ஏறி வந்தது. “காசு குடுத்துப் பிரேதம் வாங்கினவள் எங்கட வீட்டில ஒருத்தி” என்று பேர்னாட் கோயிலில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். இப்போது அதே மனுஷன் வேலையால் வந்து சாரத்தைக் கட்டியதும் கராஜுக்குள் போய்க் கவிழ்த்த வாளியில் குந்திவிடுகிறார். எஞ்சின் மணம் பட்டால் போதும், அவருக்குப் பெண்சாதியும் மறந்துவிடும், பசியும் மறந்துவிடும்.

அனோஜினி அந்தக் காருக்கு ரேர்போ பூட்டிக்கொண்டிருந்தாள். எஞ்சின் தள்ளுகிற புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரம் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்கே திரும்ப ஊட்டும், அதுதான் ரேர்போ. அமுங்கின காற்று சூடாகிவிடும். அதை முன்பக்கத்துக் கூலருக்குள் விட்டுக் குளிராக்கி, பிறகு எஞ்சின் வாய்க்குக் கொண்டுவர வேண்டும். அந்த வழி முழுவதும் அலுமினியப் பைப். இந்தக் காருக்கென்று யாரும் அளந்து வளைத்து வைத்திருக்கவில்லை. நேர்த்துண்டும் வளைவுத்துண்டும் வாங்கி, வெட்டி, விளிம்பை அரத்தால் தேய்த்து, காருக்குள் பிடித்துப் பார்த்து, கோடு கீறி, நாலு இடத்தில் பொட்டு வைத்து ஒட்டி, மறுபடி பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு வளைவு சொல் கேட்பதற்குள் ஒரு பின்னேரம் போய்விடும்.

“அப்பா, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் உயத்துங்கோ. காணும். அசையாதேங்கோ.”

“உதைப் பற்றரிக்கு இஞ்சால விட்டா நேராப் போகுமே, பிள்ளை. என்னத்துக்கு உந்தச் சுத்து?”

“நேராப் போகும். ஆனா பக்கத்தில புகை போற எக்ஸோஸ்ற் கிடக்கு. குளிராக்கின காத்தைத் திரும்பவும் சுட வைக்கிறதே? சுத்திப் போனாலும் குளிராப் போய்ச் சேரோணும்.”

“அப்ப எங்கட ஆக்கள் இஞ்ச வந்து சேர்ந்த மாதிரித்தான்” என்றார் பேர்னாட். “இந்தோனேசியாவால சுத்தினவனும் வந்தான்.”

“ஆனா குளிரா வரேல்ல” என்றாள் யோசப்பின், தேத்தண்ணிக் கோப்பைகளோடு வாசலில் நின்று. அப்பனும் மகளும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “எப்ப உதை ஓடப்போறாய்?”

“சனி மத்தியானம் சும்மா றோட்டில ஒரு சுத்து. அப்பாவும் வாறார். ஞாயிறு ஈஸ்ரேண் கிறீக்கில கார் ஓட்டப் பாதைக்குக் கொண்டு போறன்.”

“அப்ப பூசை?”

“விடியப் பூசைக்கு வந்திட்டுத்தான் மா போவன்.”

“எவ்வளவு வேகம் ஓடும்?”

அனோஜினி முகமூடியை இறக்கிக்கொண்டாள். “ஓடும் மா” என்ற சத்தம் மட்டும் உள்ளேயிருந்து வந்தது. பிறகு அந்த நீல வெளிச்சம். யோசப்பின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பப் பார்த்தபோது பைப்பின் மூட்டில் மீன் செதில் அடுக்கினது போல ஒட்டு விழுந்திருந்தது. அழகாய்த்தான் இருந்தது. பொய் சொல்வானேன், பெற்றவளுக்குப் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையோடு சேர்ந்துதான் பயமும் வந்து குந்திக்கொண்டது.

யோசப்பினின் தாய்வீட்டில் ஒரு வழக்கம். ஊரெல்லாம் இருந்ததோ தெரியாது, அவர்கள் வீட்டில் இருந்தது. வள்ளம் கட்டும்போது முன்முனையில், அணியத்துக் கடைசிப் பலகையை அறைந்து மூடுமுன், வீட்டுப் பெண் ஒருத்தி மடு மாதா கோயில் மண்ணைச் சிவப்புத் துணியில் முடிந்து உள்ளே வைத்துவிடுவாள். ஆண்களுக்குச் சொல்லக் கூடாது. போகிறவனுக்குச் சொன்னால் பலிக்காது. யோசப்பினின் அண்ணன் றெஜினோல்ட் புது வள்ளம் கட்டியபோது மண் வைத்தவள் அவள்தான். அவளுக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். பகிடியோடு பகிடியாய் அண்ணனிடம் உளறிவிட்டாள். அவன் பலகையைக் கிண்டி முடிச்சை எடுத்து, “மாதாவுக்கும் எனக்கும் நடுவில நீயென்ன தரகரோ” என்று சிரித்துக்கொண்டு கரையில் எறிந்துவிட்டுப் போனான். கச்சான் காலம். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது. காற்றுத்தான் கொண்டுபோனது என்று ஊர் சொன்னது. யோசப்பினுக்கு மட்டும் தெரியும், தன் வாய்தான் கொண்டுபோனது.

அதனால்தான் அவள் அந்த மண்ணைப் பற்றிப் பேர்னாட்டிடம்கூட வாய் திறந்ததில்லை. நாட்டை விட்டு வரும்போது ஒரு தேங்காய்ப்பூ டின்னில் கொஞ்சம் கொண்டுவந்திருந்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் போனபோது தலையணைக்குள் கொஞ்சம், இந்த வீடு குடிபுகுந்தபோது வாசல்படிக்குக் கீழே கொஞ்சம். மிச்சம் ஒரு முடிச்சுக்குத்தான் காணும்.

வெள்ளி பின்னேரம் அனோஜினி கடைசிப் பைப்பை உடுப்புத் தோய்க்கிற தொட்டியில் போட்டுச் சவர்க்காரம் விட்டுக் கழுவினாள். தூரிகை விட்டுக் குடைந்தாள். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள், திரும்பவும் கழுவினாள். பிறகு தலைமயிர் காயவைக்கிற மெசினால் காயவைத்து, இரண்டு வாயையும் குசினியில் சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடி ரப்பர் வளையம் போட்டாள்.

“ஒரு நாளும் ஒரு சட்டி கழுவமாட்டாய். உதை இந்தக் கழுவு கழுவுறாய்.”

“இது இம்போர்ட்டன்ற் மா” என்றாள் மகள், அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகள் அப்படித்தான். அம்மாவுக்கு விளங்காது என்று அவர்களே தீர்மானித்துவிடுவார்கள். பூசைக்கு முன் பாத்திரம் துலக்குவதில்லையா, அதுபோல என்று யோசப்பின் நினைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு இதைப் போட்டு மூடினா முடிஞ்சுது” என்றாள் அனோஜினி.

போட்டு மூடினால் முடிந்தது. அந்தச் சொல் யோசப்பினுக்குள் போய்த் தைத்தது.

சனி காலமை அனோஜினி குளிக்கப் போனாள், பேர்னாட் பெற்றோல் வாங்கப் போனார். யோசப்பின் கராஜுக்குள் நுழைந்தாள். டின்னை வழித்துத் துடைத்து முடிந்த சிவப்பு முடிச்சு கைக்குள் இருந்தது, பெருவிரல் அளவு. பைப்பின் ஒரு வாயைத் திறந்து, மெல்லிய கையை வளைவு மட்டும் விட்டு, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரால் முடிச்சை உட்சுவரில் ஒட்டினாள். நன்றாக அழுத்தினாள். மகள் சுத்தக்காரி, பிளாஸ்டிக்கை அவள் மூடினது போலவே சுருக்கமில்லாமல் இழுத்து மூடி, ரப்பர் வளையத்தையும் போட்டாள். ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னாள். அன்றைக்குத்தான் கன நாளைக்குப் பிறகு அவளுக்குப் புட்டு உதிரி உதிரியாய் வந்தது.

அனோஜினி பைப்பை எடுத்தாள். தன் கையால் கழுவி மூடிய பைப். பிளாஸ்டிக்கை உரித்தெறிந்து, ரப்பர் மூட்டுக்குள் செருகி, வளையங்களை இறுக்கினாள். உள்ளே பார்க்கவில்லை, பார்த்தாலும் தொண்ணூறு பாகை வளைவு, அங்கால் தெரியாது.

எஞ்சின் பிடித்தது. குசினி யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பேர்னாட் பிள்ளை பிறந்த அப்பன் போலச் சிரித்தார். அனோஜினி காலை அமத்தி அமத்தி எடுத்தாள். கன நேரம் ஓடவிட்டாள். ஒருமுறை காலை எடுத்த பிறகும் இரைச்சல் உடனே இறங்கவில்லை. யோசித்து யோசித்து இறங்கியது.

“என்ன பிள்ளை, விட்டாப் பிறகும் இரையுது?”

“புதுசெல்லோ. ட்யூன் பண்ணினாச் சரியா வரும்.” அவள் திறப்பைத் திருகி நிற்பாட்டினாள். “சாப்பிட்டிட்டுப் போவம்.”

வெளியே காற்று ஊதியது. பக்கத்து வீட்டுக்காரரின் குப்பைத் தொட்டி உருண்டு றோட்டுக்குப் போனது. ஒருவரும் எடுக்கப் போகவில்லை.

மத்தியானம் புட்டும் பாரைக் குழம்பும் சொதியும் மாசிச் சம்பலும். அப்பனும் மகளும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டைப் பார்க்காமல் பைப்பைப் பற்றியே கதைத்தார்கள்.

“நீ உந்தக் கழுவு கழுவினது நல்லதுதான்” என்றார் பேர்னாட். “எங்கட வள்ளத்து எஞ்சினுக்குள்ள மண் போனா வளையமெல்லாம் தேய்ச்சுப் போடும்.”

“மண் போனா எஞ்சின்தான் போகும் அப்பா. அதைவிடப் பொல்லாதது இருக்கு.” அனோஜினி மீன் முள்ளை எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் வைத்தாள். “எங்கட பட்டறைக்குப் போன வருஷம் ஒரு கார் வந்தது. வந்ததெண்டா, நசுங்கி வந்தது. ஆரோ வீட்டில வைச்சுப் பைப் பூட்டியிருக்கினம். தூசி போகாமல் இருக்கப் பைப் வாய்க்குள்ள ஒரு துணி அடைச்சவை. எடுக்க மறந்திட்டினம்.”

யோசப்பின் சொதிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“பிறகு?” என்றார் பேர்னாட்.

“எஞ்சின் வாயில ஒரு தட்டு இருக்கெல்லோ அப்பா, கதவு மாதிரி. காலை அமத்தினாத் திறக்கும், எடுத்தா மூடும். ரேர்போ காத்தைத் தள்ளத் துணி போய் அந்தத் தட்டுக்குள்ள இறுகிட்டுது. காலை எடுத்தாலும் கதவு மூடாது. கார் இழுத்துக்கொண்டே போகும்.”

“பிறேக் அடிக்கிறதுதானே?”

“அடிச்சவன்தான். அந்த நேரம் பிறேக்கில பலமும் குறைஞ்சிடும். யோசிக்க எங்க நேரம்?”

“ஆள்?”

அனோஜினி இல்லையென்று தலையை ஆட்டினாள். தண்ணீர் எடுத்துக் குடித்தாள். “அதுக்குப் பிறகுதான் நான் எதைச் செய்தாலும் கழுவி வாயை மூடி வைக்கிறது.”

யோசப்பின் சொதிச் சட்டியை மேசையில் வைத்தாள். காதுக்குள் கச்சான் மட்டும் கேட்டது. பெருவிரல் அளவு முடிச்சு. துணி. மண். இரண்டும் அவள் வைத்ததுதான், தன் கையால், அருள்நிறைந்த மரியே சொல்லி.

“பிள்ளை, இண்டைக்குப் போகாதேங்கோ.”

“ஏன்?”

“காத்துப் பொல்லாதது. மரங்கிரம் முறிஞ்சு விழும்.”

“சும்மா கிரேட் வெஸ்ரேண் றோட்டு மட்டும் போய்த் திரும்புறம் மா. ஹரிஸ் பார்க்கில உங்களுக்கு ஜிலேபியும் வாங்கிக்கொண்டு வாறம்.”

“எனக்கு ஜிலேபி வேண்டாம். இஞ்சாருங்கோ, நீங்களாவது சொல்லுங்கோ.”

“உமக்கு எப்பவும் ஒரு பயம்” என்றார் பேர்னாட் கை கழுவிக்கொண்டே. “நான் பக்கத்தில இருக்கிறன்தானே.”

அவரும் இருக்கிறார். அதுதான். வீட்டில் இருக்கிற இரண்டு உயிரும் ஒரே காருக்குள்.

யோசப்பின் குசினிக்குள் நின்றாள். சொல்லிவிட்டால் எடுத்துவிடுவார்கள், கார் ஓடும், ஆனால் மாதாவின் காவல் போய்விடும். அண்ணனுக்குச் சொன்னாள், அண்ணன் போனான். சொல்லாவிட்டால் அந்தத் துணி. சொன்னாலும் சா, சொல்லாவிட்டாலும் சா என்று நிற்கிறவளுக்கு எந்தத் தாய் வந்து புத்தி சொல்லுவாள்? மாதாவே, உனக்கும் ஒரு பிள்ளை இருந்ததுதானே என்று சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்துக் கேட்டாள். கராஜ் கதவு உருண்டு ஏறுகிற சத்தம் கேட்டது. எஞ்சின் பிடித்தது. யோசித்து யோசித்து இறங்கியது.

அவள் ஓடினாள். வெறுங்காலோடு, கொதித்த சீமெந்தில் ஓடிப்போய், பின்னுக்கு வந்துகொண்டிருந்த காருக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் அதன் முதுகில் வைத்தாள். கார் கையைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் வந்தது, பிறகு நின்றது.

பேர்னாட் யன்னலால் தலையை நீட்டினார். “விசரே உமக்கு? தள்ளி நில்லும்.”

“நிப்பாட்டச் சொல்லுங்கோ.”

அனோஜினி எஞ்சினை நிற்பாட்டி இறங்கி வந்தாள். “என்ன மா?”

“அதுக்குள்ள நான் ஒண்டு வைச்சனான்.”

“எதுக்குள்ள?”

“கடைசிப் பைப்புக்குள்ள. துணியில முடிஞ்சு.”

அனோஜினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பொனற்றைத் திறந்து, துணியால் கையைச் சுற்றிக்கொண்டு, சூட்டோடு சூடாய் வளையங்களைத் தளர்த்திப் பைப்பைப் பிடுங்கினாள். வளைவுக்குள் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தாள். பிளாஸ்டர் ஒரு நுனியில் தொங்கியது. முடிச்சு இல்லை.

எஞ்சின் வாய்க்குள் வெளிச்சத்தைப் பிடித்தாள். அந்தத் தட்டு முழுதாய் மூடியிருக்கவில்லை. அதன் விளிம்பில் சிவப்பாய் ஏதோ கடிபட்டிருந்தது. சின்னக் குறடை விட்டு மெல்ல இழுத்தாள். துணி வந்தது. நூல் அறுந்து, கிழிந்து, வெறும் துணி. அனோஜினி விரலை உள்ளே விட்டுத் தடவி எடுத்தாள். விரல் நுனியில் செம்மண்.

“நீர் என்ன செய்தனீர் எண்டு உமக்குத் தெரியுமோ?” பேர்னாட் காரை விட்டு இறங்கி வந்தார். “அந்தப் பிள்ளை ரெண்டு வருஷமா...”

“விடுங்கோ அப்பா.” அனோஜினி காரின் முன் சில்லில் சாய்ந்து சீமெந்தில் இருந்துவிட்டாள். “காலமையே காட்டினது. காலை எடுத்தும் இரைச்சல் குறையேல்ல. நான்தான் ட்யூனிங் எண்டு நினைச்சன். றோட்டில எண்டா...” அவள் விரல் நுனி மண்ணைத் தேய்த்துப் பார்த்தாள். “மண் உள்ளுக்க போயிட்டுது. முழுக்கக் கழற்றோணும்” என்றாள்.

“மடு மண்” என்றாள் யோசப்பின். பிறகு றெஜினோல்ட்டைப் பற்றியும் சொன்னாள். இத்தனை வருஷம் ஒருவருக்கும் சொல்லாததை, காற்றுக்குள், பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டி உருண்டு கிடந்த றோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பேர்னாட் தலையைக் குனிந்துகொண்டார். கடலில் போனவன் என்று மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருந்தது.

அனோஜினி அந்தத் துணியை விரித்துப் பார்த்தாள். எறியவில்லை. “அப்ப பலிச்சிட்டுது மா” என்றாள். “இண்டைக்கு ஒருத்தரும் ஒரு இடமும் போகேல்ல.”

அவள் குரலில் கோபம் இருந்தது. அதற்குப் பிறகு கனகாலம் அவள் அம்மாவோடு அளந்துதான் கதைத்தாள். எஞ்சின் துண்டு துண்டாய்க் கராஜ் மேசையில் கிடந்தது. பேர்னாட் வாளியில் குந்தினார், சிரிக்கவில்லை. யோசப்பின் தேத்தண்ணியைக் கராஜ் வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினாள், உள்ளே கால் வைக்கவில்லை. குளிர்காலம் வந்து போயிற்று.

திரும்பக் கச்சான் தொடங்கின ஒரு காலமை அனோஜினி குசினிக்கு வந்தாள். கையில் அதே பைப், கழுவிக் காயவைத்து, வாய் மூடினபடி. அம்மாவின் முன்னால் மேசையில் வைத்தாள்.

“இதை நீங்கள் பாருங்கோ.”

“நானோ? எனக்கென்ன தெரியும், பிள்ளை?”

“எனக்கு வளைவுக்கு அங்கால தெரியேல்ல. நீங்கள் ரெண்டு பக்கத்தாலயும் பாத்து, கை விட்டுத் தடவி, உள்ள என்ன கிடக்கெண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாத்தான் பூட்டுவன்.”

யோசப்பின் கையைத் துடைத்தாள். ரப்பர் வளையத்தைக் கழற்றி, பிளாஸ்டிக்கை உரித்து, ஒரு வாயால் பார்த்தாள், மறு வாயால் பார்த்தாள். கையை வளைவு மட்டும் விட்டு மெல்லத் தடவினாள். உள்ளே குளிர்ந்த அலுமினியம். ஒட்டின இடம் விரலில் தட்டுப்பட்டது. டின்னில் மண் இல்லை, முடிச்சு இல்லை, ஒளிக்க இனி ஒரு இரகசியமும் இல்லை. வீட்டை விட்டுப் போகிற ஒருவரையும் அவள் இப்படி வெறுமையாய் அனுப்பியதில்லை. மகள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்டுமில்லைப் பிள்ளை” என்றாள்.

“வடிவாப் பாத்தனீங்களோ?”

“ஓம். உள்ள ஒண்டுமில்லை.”

அனோஜினி பைப்பை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் பிடித்தது, காலை எடுத்ததும் சட்டென்று அடங்கியது. அப்பனும் மகளும் போயிட்டு வாறம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்கள். யோசப்பின் வாசல் படலையடியில் நின்றாள். சந்தி திரும்பி, பெரிய றோட்டில் ஏறி, சத்தம் நீண்டு மெலிந்து போவதைக் கேட்டாள். பிறகு காருடைய சத்தம் எது, காற்றின் சத்தம் எது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ரப்பர் வளையம் கையிலேயே இருந்தது.